மேடையும் பந்தியும்

குள்ளஞ்சாவடி,
மாசி மாதம்.

அன்பு மிக்க பாப்பாவுக்குப் பெரியப்பா ஆசீர்வதித்து எழுதுவது. உன் பெரியம்மாவின் முழங்கால் வலி வழக்கம்போல் இருக்கிறது. கொல்லை முந்திரி இவ்வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது, பனி மட்டும் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

நீ உன் அம்மாவுக்குக் கைப்பேசியில் அனுப்பிய நீண்ட செய்தியை அவள் இங்கு வந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டு, "மாமா, இதற்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும், அவர் எழுதினால் கோபமாக எழுதிவிடுவார்" என்றாள். உன் அப்பனைப் பற்றி அவள் சொன்னது சரிதான். ஆகையால் நான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு முன் உங்கள் கல்லூரியில் நடந்த சமத்துவப் பொங்கலை நீ நிர்வகித்த நேர்த்தியைக் கண்டு, பல மாநிலத்துப் பிள்ளைகளும் தத்தம் ஆடல் பாடல்களோடு கூடும் கலைவிழாவுக்கு உன்னையே செயலாளராக்க விரும்புகிறார்கள் என்பதும், அதே சமயத்தில் பாகுபாடு பற்றிய முறையீடுகளைக் கவனிக்கும் சம வாய்ப்பு மையத்தில் மாணவியர் சார்பில் அமரவும் உன்னை அழைத்திருக்கிறார்கள் என்பதும், இரண்டுக்கும் பொழுது போதாதாகையால் ஒன்றைத்தான் ஏற்க முடியும் என்பதும் எனக்கு விளங்கின. முடிவு உன்னுடையது. நான் எப்பக்கமும் சாயாமல் என் மனத்தில் பட்டதைச் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

விழாவை நான் இழிவாக நினைப்பவனல்லன். பல மொழி பேசுவோர் ஓரிடத்தில் கூடிக் களிப்பது நம் பக்கத்துக்குப் புதிதா? 1957-இல் நெய்வேலியில் சுரங்கம் வெட்டத் தொடங்கிய நாள்முதல், நாம் முந்திரியும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்த செம்மண் பூமிக்கு மலையாளியும் தெலுங்கரும் வங்காளியும் வந்து சேர்ந்தார்கள். மின் நிலையம் எழுப்ப ருஷ்ய தேசத்து நிபுணர்களே வந்து குடியிருந்தார்கள். நகரியத்து வட்டங்களில் ஓணத்துக்குப் பூக்கோலமும் நவராத்திரிக்குத் துர்க்கா பூஜையும் நடக்கக் கண்டு வளர்ந்தவன் உன் அப்பன். கலைவிழா கண்ணுக்கு இனிமை, அதிலே ஆக்ஷேபமில்லை. ஆனால் ஒரே நாளில் வேஷ்டியும் புடவையும் உடுத்திப் பானையைச் சுற்றி நின்று படமெடுத்துக்கொள்வது எளிது. மறுநாள் காலை இட்டிலிக்கு யார் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பதே என் கேள்வி. நமது அரசாங்கம் 2021 முதல் செப்டம்பர் 17-ஐச் சமூக நீதி நாளாகவும், 2022 முதல் ஏப்ரல் 14-ஐச் சமத்துவ நாளாகவும் அனுஷ்டித்து உறுதிமொழி எடுக்கச் செய்கிறது. எடுக்கட்டும். உறுதிமொழி வாயைத் திறந்து சொல்வது, பந்தி வாயைத் திறந்து உண்பது. இரண்டாவதில்தான் மனுஷ்யன் அகப்பட்டுக்கொள்கிறான்.

இது என் பழைய பல்லவி என்று நீயும் உன் தம்பியும் சிரிப்பீர்கள், தெரியும். ஆயினும் வடலூருக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவனுக்கு வேறு பல்லவி வராது. 1867-ஆம் வருஷம் வைகாசியில் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாதிருக்கிறது. ஒன்றைக் கவனி: புலால் விஷயத்தில் அடிகளைவிடக் கண்டிப்பானவர் தமிழ்நாட்டில் யார்? புலால் உண்போரைத் தம் சன்மார்க்கத்துக்குப் புறவினத்தார் என்றே வகுத்தவர் அவர். அப்படிப்பட்டவர், பசித்து வந்து இலைமுன் உட்கார்ந்தவனை, நீ நேற்று என்ன தின்றாய், உன் குலமென்ன என்று விசாரிக்கச் சொல்லவில்லை. கொள்கை வேறு, சோறு வேறு என்ற அந்தப் பாகுபாட்டை, இக்காலத்தில் பெரிய படிப்புப் படித்த நிர்வாகிகள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சேரன்மாதேவி விருத்தாந்தம் உனக்குப் பாடமாக வந்திருக்கும். பாடத்தில் பெரும்பாலும் பாதிதான் வரும். வ.வே.சு. ஐயர் சாமானியரல்லர்: லண்டனில் பாரிஸ்டர் படிப்பு முடித்தும் ராஜ விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தவர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், தேசத்துக்கென்று சகலத்தையும் துறந்தவர். அவர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பதினாயிரம் ரூபாய் கொடுப்பதாக ஒப்பி ஐயாயிரம் கொடுத்துமிருந்தது. தேசபக்தியும் தமிழும் தொழிலும் ஒருங்கே கற்பிக்கப்பட்ட அவ்விடத்தில், இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியே சோறு போடப்பட்டது என்ற ஒரே காரணத்தால், 1924, 1925-இல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தெழுந்து, காரியம் காந்தியடிகள்வரை சென்று, தமிழகத்து அரசியலே திசை திரும்பியது. அங்கே பயின்றவருள் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் ஒருவன் என்பார்கள். சுதந்திரம் வந்தபோது மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்து, ஆலயப் பிரவேசச் சட்டத்தைச் செய்வித்த அதே ஓமந்தூரார், பதவி விட்டபின் எங்கே வந்து தங்கினார் தெரியுமா? நம் வடலூரில்தான். அந்தக் குருகுலத்துப் பந்தியையும் வடலூரையும் முடிச்சுப் போட எனக்கு உரிமையில்லை என்று உன் அப்பன் வாதாடுவான். நான் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதெல்லாம் நூறு வருஷத்துப் பழங்கதை என்று தள்ளிவிட முடியுமானால் எனக்கும் சந்தோஷமே. ஆனால் 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் இமாலயா உணவுக்கூடத்தில், சைவர்க்கு ஒரு வாயில், அசைவர்க்கு ஒரு வாயில், கைகழுவும் இடமும் தனி என்று காகிதம் ஒட்டப்பட்டதும், அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் அதை ஊரறியச் செய்தபின் அது அகற்றப்பட்டதும் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. அப்பிள்ளைகளின் வட்டத்துக்கே 2015-இல் அங்கீகாரம் பறிக்கப்பட்டு, கூக்குரல் எழுந்தபின் திருப்பித் தரப்பட்டது. 2023-இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் சைவர்க்கென்று ஒதுக்கிய மேஜையில் அசைவம் உண்டு மறுப்பைக் காட்டியதற்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். அக்கல்லூரிகளிலெல்லாம் கலைவிழாக்களுக்குக் குறைவுண்டா? தேசமே திரும்பிப் பார்க்கும் விழாக்கள்!

என் தம்ளர் கதையை நீ ஆயிரம் தடவை கேட்டிருப்பாய். ஆயினும் இன்று எழுதாமல் கை நகரவில்லை. நான் படித்த ஊரில், நான் தங்கிய விடுதியில், ஒருமைப்பாட்டு விழாவன்று காப்பாளரே இலை போட்டு, சமபந்தி போஜனம் என்று ஒலிபெருக்கியில் முழங்கி, எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் குடித்தார். அந்த வாரம் முடிவதற்குள் எங்கள் சிலருடைய பித்தளைத் தம்ளர்களின் விளிம்பில் மட்டும் சிவப்புச் சாயம் தீட்டப்பட்டிருந்தது. கேட்டதற்கு, மாறிப்போகாமலிருக்க என்றார்கள். சாயத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாயசத்தின் ருசி நாக்கில் வந்து கசந்தது. அக்காரணத்தால்தான் விழாக்களில் எனக்கு இவ்வளவு அசிரத்தை. இந்த அசிரத்தையைக் கழித்துவிட்டு நீ படித்துக்கொள்.

இனி, நீ ஒரு வரியில் எழுதிக் கடந்துபோன இடத்துக்கு வருகிறேன். மெஸ்ஸில் ஒரு மேஜையிலிருந்து 'ஒரு பெண்ணை' எழுந்து போகச் சொன்னார்கள் என்றும், அவள் இப்பொழுது அறையிலேயே ரொட்டி தின்கிறாள் என்றும், சம வாய்ப்பு மையத்துக்கு வந்தால் முதலில் அந்தக் காரியத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கும், 'ஜாதியைக் கிளறுகிறவள்' என்ற பெயர் வந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பெண் யார் என்று நான் கேட்கவில்லை. நீ மெலிந்துவிட்டாய் என்று உன் அம்மா சொல்கிறாள். தைப்பூசத்துக்கு வருகிறேன் என்றவள் வரவில்லை. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் இரவில் தூக்கம் வருவதில்லை, பாப்பா. 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவும், 2019 மே மாதத்தில் மும்பையில் வைத்தியப் படிப்புப் படித்த பாயல் தாட்வியும் உயிரை விட்டபின், அப்பிள்ளைகளைப் பெற்ற இரண்டு தாய்மார் நீதி கேட்டு உச்ச நீதிமன்றத்தின் படி ஏறினார்கள். கல்லூரிகளில் சமநிலை காக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதிகள் வகுத்து, பாகுபாடு தடுக்கும் அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்லியிருந்தும், அவை பல இடங்களில் காகிதமாகவே கிடந்தன என்பதுதான் அத்தாய்மாரின் முறையீடு. அதற்கு முன்பே, தில்லி எய்ம்ஸைப் பற்றி விசாரித்த தோரட் குழு, விடுதியில் பிள்ளைகள் எந்தெந்த மாடியில் ஒதுங்க நேர்கிறது என்று 2007-இல் எழுதிவைத்தது. மாடியும் மேஜையும் எழுத்தில் ஏறினால்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

நீதான் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஏற்பதாயிருந்தால் சில காரியங்களை மட்டும் மறவாதே. எந்த முறையீட்டையும் வாய்மொழியாக விடாதே. தேதி, நேரம், எந்த மேஜை, யார் என்ன வார்த்தை சொன்னார் என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி, ஒரு பிரதியை உன்னிடம் வைத்துக்கொள். உதவித்தொகை வராமல் கட்டணம் கட்ட முடியாதிருக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகளின் காரியங்களையும் கூடவே கவனி. பந்தியில் அவமானப்பட்டவன் பெரும்பாலும் குமாஸ்தாவின் ஜன்னலிலும் அவமானப்பட்டிருப்பான். தனியாக எந்த அறைக்கும் பேசப் போகாதே. இன்னொரு பெண்ணை அழைத்துக்கொண்டு போ. அறையில் ரொட்டி தின்னும் அந்தப் பெண்ணையும் மெஸ்ஸுக்கு அழைத்துப் போ. அதே மேஜையில், பக்கத்தில் நீ உட்கார். மையத்தில் சேர்வதாயிருந்தாலும் சேராவிட்டாலும் இதைச் செய்.

போதும், மிகவும் உபதேசித்துவிட்டேன். உன் பெரியம்மா பக்கத்தில் நின்று, குழந்தைக்கு இப்படியா எழுதுவது, கலைவிழாவில் அவள் ஆடினால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று கடிந்துகொள்கிறாள். உண்மைதான். நீ எதை ஏற்றாலும் எங்களுக்குச் சந்தோஷம். இரண்டையும் வேண்டாமென்று படிப்பைமட்டும் பார்த்தாலும் சந்தோஷம். ஒன்றுமே செய்யாமல் பத்து நாள் இங்கு வந்து தூங்கினாலும் அதைவிடச் சந்தோஷம். நம் வீட்டில் உன்னைப்போல் கெட்டிக்காரி பிறந்ததில்லை. இதை உன் தம்பியிடம் காட்டாதே. முறுக்கும், வறுத்த முந்திரியும், பருப்புப் பொடியும் கட்டி, கடலூரிலிருந்து அங்கு வரும் அடுத்த வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். பொடியில் உப்பு கொஞ்சம் தூக்கல், பார்த்துப் போட்டுக்கொள். உன் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய் போட்டிருக்கிறேன். மெஸ் பில்லுக்கு அல்ல, உனக்குப் பிடித்த சாப்பாட்டுக்கு. அப்பனிடம் சொல்ல வேண்டாம். வருவதாயிருந்தால் எந்த வண்டி என்று முதல் நாளே சொல், கடலூருக்கே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா