போட் இன்ஜின் திரும்ப மறுக்கிறதா?

காம்பார் ஈயக் குட்டைகளில் மீன்பிடித்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்திவைத்த போட்டை லுமுட் கடலுக்கு இழுத்துப் போகிறீர்களா? வீட்டிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலங்கொண்டு முறுக்காதீர்கள், கேபிள் கெட்டுவிடும்.

கேபிளை இன்ஜினோடு இணைக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, இன்ஜினைக் கையால் அசையுங்கள். எளிதாகத் திரும்பினால் கோளாறு கேபிளில். அப்போதும் அசையவில்லையா? இன்ஜின் சுழலும் அச்சில் பழைய கிரீஸ் காய்ந்து கெட்டிப்பட்டிருக்கும். பெரும்பாலும் இதுதான் காரணம்.

அச்சின் கிரீஸ் நிப்பிளைத் துடைத்து, கடல்நீர் தாங்கும் கிரீஸைக் கிரீஸ் கன்னால் ஏற்றுங்கள். இன்னொருவர் இன்ஜினை இடமும் வலமுமாக மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கட்டும். அழுக்குக் கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும்வரை விடாதீர்கள். நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றிப் புதிது போடுங்கள், சின்னச் செலவுதான். கேபிள் நுழையும் குழாய்க்குக் கிரீஸ் வைக்கும்போது கேபிளின் தண்டு முழுக்க உள்ளே இழுபட்டிருக்க வேண்டும்.

கைப்பிடியால் திருப்பும் சிறிய இன்ஜின் என்றால், இறுக்கம் கூட்டிக் குறைக்கும் திருகை முதலில் தளர்த்திப் பாருங்கள்.

கேபிளுக்குள் துரு ஏறியிருந்தால் எண்ணெய் விட்டு ஒப்பேற்ற வேண்டாம். புதிதாக மாற்றிவிடுங்கள். பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகும் போட் அது.