ஹெல்லர் என்னும் சிறுகாசு

தென்மேற்கு ஜெர்மனியில் உப்பூற்றால் செழித்தது ஹால் நகரம். 13ஆம் நூற்றாண்டில் அது பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட தன்னாட்சி நகரமாயிற்று. அதற்கு முன்பிருந்தே அங்கு அடிக்கப்பட்ட சிறு வெள்ளிக்காசில் ஒருபுறம் விரிந்த கையும் மறுபுறம் சிலுவையும் இருந்தன. ஊர்ப்பெயராலேயே அது ‘ஹெல்லர்’ எனப்பட்டது.

வெள்ளி குறைந்த அக்காசு விரைந்து பரவியதில் வியப்பில்லை. உயர்ந்த காசைப் பெட்டியில் பூட்டிவிட்டுத் தாழ்ந்ததையே செலவிடுவது மாந்தர் இயல்பன்றோ! பிற நகரங்களும் அதைப் போன்றே அடித்தன. நாளடைவில் வெள்ளி மேலும் குறைந்து செம்பு மேலோங்கியது. கூலியைச் சில்லறையாகப் பெற்ற எளியோரின் கைக்குள்ளேயே அதன் மதிப்பு கரைந்தது. நாம் ‘செல்லாக்காசு’ என்று இகழ்வதை ஜெர்மானியர் ‘ஒரு சிவப்பு ஹெல்லரும் பெறாதது’ என்பர்.

ஆயினும் பெயர் நிலைத்தது. செக் நாட்டில் ‘ஹலேர்’ என வழங்கிய அதன் வழிவந்த சில்லறை 2008வரை புழங்கியது.