ஓவர்டைம் செய்தால் வரி ஏறுமா?

நாராயணவனம் நெசவு ஊர். அங்கே ஒரு குடும்பம். மனைவி வீட்டில் தறி நெய்கிறார். கணவர் புத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மகள் பாலிடெக்னிக் சேர வேண்டும். பணம் கட்ட வேண்டும்.

ஒரு நாள் கணவர் சம்பளச் சீட்டோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"இனிமே ஓவர்டைம் போகமாட்டேன். வரியை ஏத்திட்டாங்க. போன மாசம் வரைக்கும் 150. இப்போ 200. தீபாவளி போனஸ் வேற வந்தா மொத்தமும் வரிக்கே போயிடும்."

"ஏங்க, அப்போ பாப்பா படிப்பு?" என்றார் மனைவி. சீட்டை வாங்கி எண்களைப் படித்தார்.

சம்பளம் 18,720. ஓவர்டைம் 2,700. கூட்டினால் 21,420.

அவருக்கு ஒரு மணி நேரக் கூலி 90 ரூபாய். ஓவர்டைமுக்கு இரட்டிப்பு, 180 ரூபாய். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அப்படிச் சொன்னது. இப்போதைய தொழிலாளர் சட்டமும் அதையே சொல்கிறது. 15 மணி நேரம் செய்திருக்கிறார். கணக்குச் சரி.

மகள் எட்டிப் பார்த்தாள். "நைனா, இது வருமான வரி இல்லை. பி.டி.ன்னு போட்டிருக்கு. தொழில் வரி."

தொழில் வரி வேறு, வருமான வரி வேறு. தொழில் வரியை மாநில அரசு வாங்குகிறது. ஆந்திராவில் மாதச் சம்பளம் 15,000 வரை தொழில் வரி இல்லை. அதற்கு மேல் 20,000 வரை 150 ரூபாய். 20,000ஐத் தாண்டினால் 200 ரூபாய். பத்து ரூபாய் மட்டும் தாண்டியவருக்கு நட்டம்தான். இவர் 2,700 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தார். போனது 50 ரூபாய்.

வருமான வரி மத்திய அரசுடையது. அதற்கு ஓர் ஆண்டின் மொத்த வருமானத்தைப் பார்ப்பார்கள். இவருடைய ஆண்டுச் சம்பளம் 2,24,640. மாதந்தோறும் இதே அளவு ஓவர்டைம் செய்தால் 32,400. போனஸ் 15,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,72,040. 2025-26ஆம் ஆண்டின் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. சம்பளக்காரர் 12,75,000 வரை வாங்கினாலும், கழிவும் தள்ளுபடியும் போக, கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை.

"அப்போ பெரிய சம்பளக்காரங்களுக்கு?" என்று கேட்டார் கணவர்.

மனைவி தறியைக் காட்டினார். "முந்தானை நூலுக்குச் சிவப்புச் சாயம் போட்டா, உடல் நூலும் சிவப்பாயிடுமா?"

வருமான வரியும் அப்படித்தான். ஒருவருக்குக் கழிவு போக வருமானம் 16 லட்சம். அதற்கு வரி 1,20,000. அவருக்கு ஒரு லட்சம் போனஸ் வருகிறது. 16 லட்சத்துக்கு மேல் 20 விழுக்காடு வரி. அந்த 20 விழுக்காடு இந்த ஒரு லட்சத்துக்கு மட்டும்தான். 20,000 ரூபாய். பழைய 1,20,000 அப்படியே இருக்கும். செஸ் 4 விழுக்காடு தனி. போனஸில் 79,200 ரூபாய் கையில் நிற்கும்.

ஓர் இடம் மட்டும் வேறு மாதிரி. கழிவு போக 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவருக்குத் தள்ளுபடி போய்விடும். அப்போதும் தாண்டிய தொகை அளவுக்குத்தான் வரி கேட்பார்கள். செஸ்ஸும் சேரும். அங்கே கூடுதல் காசு கையில் நிற்காது.

போனஸ் வந்த மாதம் சிலருக்குப் பிடித்தம் அதிகமாகத் தெரியும். அது முன்கூட்டிப் பிடிப்பது. ஆண்டுக் கணக்கில் கூடுதலாகப் பிடித்திருந்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கணவர் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை ஷிப்டுக்கு ஆள் கேட்டாங்க. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"காலையில போய்ச் சொல்லுங்க" என்றார் மனைவி.

கணக்குப் போடுங்கள்: ஒருவருக்கு ஒரு மணி நேரக் கூலி 75 ரூபாய். 12 மணி நேரம் ஓவர்டைம் செய்தார். எவ்வளவு கிடைக்கும்?