கோரிமேட்டிலிருந்து கோமிக் வரை

புதுச்சேரிக்காரருக்கு மேடு என்றால் கோரிமேடுதான். பேருந்தில் போகிறவருக்கு அது மேடு என்றே தெரியாது. இப்படிக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர் இமயமலைக் கிராமங்களுக்கு நடந்து போக முடியுமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். ஆனால் காலைவிட மூச்சைத்தான் முதலில் பழக்க வேண்டும்.

நான் சொல்வது இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கு. லாங்ஸா, ஹிக்கிம், கோமிக், தேமுல், லாலுங், தங்கர் என்று ஊர் ஊராக நடந்து, இரவில் கிராமத்தார் வீடுகளில் தங்கும் பயணம். கூடாரம் சுமக்க வேண்டியதில்லை. லாங்ஸா சுமார் 4,400 மீட்டர் உயரம், கோமிக் அதைவிட மேலே. அங்கே இழுக்கும் மூச்சில், நம் கடற்கரைச் சாலையில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் கிடைக்கும். தினமும் ஓடுகிற இளைஞருக்கும் அதே கணக்குதான். உடல்வலு உள்ளவர்களே வேகமாக ஏறி அதிகம் அவதிப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் மணாலி வழியே போகாதீர்கள். 2,000 மீட்டரை ஒட்டிய மணாலியில் காலையில் கிளம்பி, 4,551 மீட்டர் குன்சும் கணவாயைக் கடந்து, இரவே ஸ்பிதியின் முக்கிய ஊரான 3,650 மீட்டர் காசாவில் படுப்பது கடல்மட்டத்து உடம்புக்கு ஆகாது. சிம்லா, கல்பா, தபோ என்று கின்னௌர் வழியாக ஒவ்வோர் ஊரிலும் தங்கிப் போங்கள். நாள் கூடும்தான். ஆனால் 996இல் எழுப்பப்பட்ட தபோ மடாலயத்தின் சுவரோவியங்களை நின்று பார்க்க அந்த நாள்தான் உதவும். காசாவில் இரண்டு இரவாவது தங்குங்கள். பகலில் கீ மடாலயம், கிப்பர் என்று மேலே போய்விட்டு, இரவு கீழே வந்து படுத்தால் உடம்பு விரைவில் பழகும். 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்குமேல் கூட்டாமல் இருப்பது நல்லது. சாலைப்போக்கில் அது மீறினால், அடுத்த நாள் ஓய்வு.

லாங்ஸாவில் எங்களோடு வந்த ஓர் இளைஞருக்குத் தலைவலியும் குமட்டலும். “அண்ணே, மாத்திரை போட்டுட்டு மெதுவா நடந்திடறேனே?” என்றார். “வேணாம் தம்பி, இன்னைக்கு எல்லாரும் இங்கேயே” என்றேன். தலைவலி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். உயரத்தால் வரும் இந்த நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். அதை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள்.

காலுக்கான பயிற்சிக்கு மாலைக் கடற்கரை நடை போதாது, அது சமதளம். முதுகில் பையோடு செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் ஏறி இறங்குங்கள். இறக்கம்தான் முக்கியம். தேமுலிலிருந்து லாலுங்குக்கு இறங்கும்போது முழங்கால் சொல்லும்.

நம் ஊருக்கு வந்துபோன ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பிரெஞ்சுப் பெண்மணி அலெக்ஸாண்ட்ரா டேவிட்-நீல் 1911இல் புதுச்சேரியில் அரவிந்தரைச் சந்தித்தார். பிறகு சிக்கிமில் லாச்சேன் பக்கம் மலையிலேயே தங்கி, திபெத்திய மொழியும் தியானமும் பயின்றார். 1924இல், 55 வயதில், யாத்ரீக வேடத்தில் நடந்தே திபெத்தின் லாசாவை அடைந்தார். உயரத்துக்கும் மொழிக்கும் முதலிலேயே பல ஆண்டுகளைக் கொடுத்தவர் அவர். நாமோ சில நாட்களையாவது கொடுக்கலாம். “ஜுலே” என்ற வணக்கத்தோடு நிற்காமல், தண்ணீர், சாப்பாடு, வலி, நன்றி ஆகியவற்றுக்கான சொற்களையும் வீட்டாரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அடுப்படியில் இடம் கிடைக்கும். அடுப்பு இருக்கும் அறைதான் அந்த வீடுகளில் சூடான அறை.

தேமுலில் விருந்தினர் எந்த வீட்டில் தங்குவது என்பதை ஊரே முறைவைத்துத் தீர்மானிக்கிறது. வருமானம் எல்லோருக்கும் போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு அது. வசதியான வீடு வேண்டுமென்று அடம்பிடிக்கக் கூடாது. கழிப்பறை உலர்வகை. மண்ணோ சாம்பலோ போட்டு மூடுவார்கள், மக்கியபின் பார்லி வயலுக்கு எரு. தண்ணீர் ஊற்றிப் பழகிய நமக்குச் சிரமம்தான். ஆனாலும் அந்தக் குழியில் தண்ணீரோ பிளாஸ்டிக்கோ விழுந்தால் ஓர் ஆண்டின் எரு கெடும். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரை வேண்டாமென்று தள்ளாதீர்கள். வறண்ட காற்றில் தாகம் தெரியாமலே உடம்பு காய்ந்துபோகும், எந்தச் சூடான பானமும் நல்லது. வழியில் வரும் சோர்த்தன்களை, அதாவது பௌத்த ஸ்தூபிகளை, வலமாகச் சுற்றிக் கடந்து செல்லுங்கள். லாங்ஸாவில் சிறுவர்கள் நத்தை வடிவக் கல்படிவங்களைக் காட்டி விலை சொல்வார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த கடலின் உயிரினங்கள் அவை. கையில் வாங்கிப் பாருங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள்.

ஆகஸ்ட் கடைசியில் போனால் பச்சைப் பட்டாணியும் பார்லியும் அறுவடையாகும், வீட்டில் ஆள் இருக்காது. அதற்கென்று ஒரு நாளைத் திட்டத்திலேயே ஒதுக்கிவைத்து, அவர்களோடு வயலில் இறங்குங்கள்.