லூசி கேட்டு வாங்கிய உரிமை

அன்பு மருமகளுக்கு,

சீரியல் வாய்ப்பு வந்திருப்பதில் அத்தைக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் சம்பளத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவள், ஒப்பந்தத்தில் வேறென்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லையே! அதனால்தான் லூசில் பாலைப் பற்றிச் சொல்லத் தோன்றியது.

1911-இல் அமெரிக்காவில் பிறந்தவர். ஹாலிவுட்டில் வருஷக்கணக்காக நடித்தும் முதல் வரிசைக்கு வராதவர். 1940-இல் கியூபாக்காரரான டெசி அர்னாஸைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போவார், இவர் ஷூட்டிங்கில் இருப்பார்; 1944-இலேயே விவாகரத்து வரை போய்த் திரும்பினார்கள்.

லூசியின் ரேடியோ நகைச்சுவைத் தொடரை டிவிக்குக் கொண்டுபோக சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனம் விரும்பியது. கணவனாக டெசிதான் நடிக்க வேண்டும் என்று லூசி பிடிவாதமாக நின்றார். அப்படியாவது இருவரும் ஒரே ஊரில் இருக்கலாமே என்ற ஆசை. கியூபா உச்சரிப்போடு பேசுகிறவரை ஜனங்கள் ஏற்பார்களா என்று நிறுவனம் தயங்கியது. 1950-இல் இருவரும் மேடை மேடையாக நடித்துக் கைதட்டல் வாங்கிக் காட்டினார்கள்.

அடுத்த சிக்கலைக் கவனமாகப் படி. அப்போது பெரிய நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும். மற்ற ஊர்களுக்கு, டிவி திரையில் ஓடுவதையே பிலிமில் பிடித்து அனுப்புவார்கள்; படம் மங்கலாக இருக்கும். லூசி கலிபோர்னியாவை விட்டு வர மறுத்தார். சரி, பார்வையாளர்களை உட்காரவைத்து, மூன்று கேமராவில் நேரடியாக பிலிமிலேயே எடுத்துவிடலாம் என்றார்கள். செலவு கூடியது. தம்பதி சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு அந்த பிலிம்களின் உரிமையைத் தங்கள் டெசிலு நிறுவனத்துக்குக் கேட்டு வாங்கினார்கள். ஒருதரம் ஒளிபரப்பானதை மறுபடி யார் பார்ப்பார்கள் என்று நினைத்த காலம் அது! 1951 அக்டோபரில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’யை உலகம் திரும்பத் திரும்பப் பார்த்தது. சில வருஷம் கழித்து அந்த உரிமையை சிபிஎஸ்ஸே பெருந்தொகைக்கு வாங்கிக்கொண்டது. லூசி ஒருகாலத்தில் சம்பளத்துக்கு நடித்த ஆர்கேஓ ஸ்டுடியோவை 1957-இல் இவர்கள் விலைக்கு வாங்கினார்கள்.

தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே லூசி இரண்டாவது குழந்தையைச் சுமந்தார். கர்ப்பிணியைத் திரையில் காட்டவே கூசிய காலம். மறைக்காமல் அதையே கதையாக்கினார்கள். மதகுருமார்கள் வசனங்களைப் படித்துப் பார்த்த பிறகே படமாக்கினார்கள். 1953 ஜனவரி 19 அன்று அவருக்கு சிசேரியனில் மகன் பிறந்தான். அன்றிரவே திரையில் வந்த லூசிக்கும் ஆண் குழந்தை.

திரையில் இருந்த ஒட்டுதல் வீட்டில் நிலைக்கவில்லை. டெசியின் குடி முற்றியது. 1960 மார்ச்சில் கடைசியாகச் சேர்ந்து நடித்த மறுநாள் லூசி விவாகரத்து மனு போட்டார். ஆனாலும் குடிகாரர் என்ற ஒரே சொல்லில் டெசியை ஒதுக்க எனக்கு மனமில்லை. அந்தத் தொழிலைக் கட்டி எழுப்பியதில் பாதிக்கு மேல் அவருடைய மூளை. 1962-இல் அவர் பங்கையும் வாங்கி லூசியே ஸ்டுடியோவின் தலைவரானார். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர் அங்கேதான் உருவானது. பிற்பாடு லூசி நடித்த ஒரு தொடரில் சொந்த மகளும் மகனுமே அவருக்குப் பிள்ளைகளாக நடித்தார்கள்.

புதுமுகமான உனக்கு யாரும் உரிமையில் பங்கு தரப்போவதில்லை, தெரியும். இருந்தாலும் மறு ஒளிபரப்புக்கும் யூடியூபுக்கும் பிற மொழி டப்பிங்குக்கும் உனக்கு ஏதாவது உண்டா, தினம் எத்தனை மணி நேரம் கால்ஷீட், நடுவில் விலகினால் என்ன நஷ்டஈடு, இவற்றை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் கேள். ஒப்பந்தத்தை முழுசாக போட்டோ எடுத்து அனுப்பு; தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுகிறேன். அதுவரை பேனாவைத் தொடாதே.

அன்புடன்,
அத்தை