கடை வண்டிக்குக் கமான் பட்டை: கவனிக்க வேண்டியவை

மண்டியிலிருந்து சரக்கு எடுத்துவர நம்மில் பலர் சொந்தமாகச் சிறு சரக்கு வண்டி வைத்திருக்கிறோம். சில ஆண்டுகள் ஓடியதும் கமான் பட்டைகள் தொய்ந்துவிடும். அப்போது, "வெளி மார்க்கெட்டில் கனமான பட்டையாக வாங்கிப் போடுங்கள், கூடுதலாக நாலு மூட்டை ஏற்றலாம்" என்று யோசனை சொல்வார்கள். அதை ஏற்குமுன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

1. எடைக் கணக்கு

ஆர்.சி.யில் வெற்று எடை, மொத்த எடை இரண்டும் இருக்கும். உதாரணமாக, மொத்த எடை 1,550 கிலோ, வெற்று எடை 850 கிலோ என்றால் மீதி 700 கிலோ. டிரைவருக்கும் லோடுமேனுக்கும் 130 கிலோ கழித்தால் சரக்குக்கு 570 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை 22 மட்டுமே. பட்டையை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. அச்சு, பிரேக், டயர், சேஸ் எல்லாம் பழைய அளவுக்கே செய்யப்பட்டவை.

2. ஒரு மில்லிமீட்டரின் பலம்

நீளமும் அகலமும் மாறாதபோது, பட்டையின் விறைப்பு தடிமனை மூன்று முறை பெருக்கிய கணக்கில் கூடும். 6 மி.மீ. என்றால் 216, 7 மி.மீ. என்றால் 343. ஒரே மில்லிமீட்டர் வித்தியாசத்தில் விறைப்பு சுமார் 59 சதவீதம் ஏறிவிடுகிறது. ஆகவே கண்ணால் பார்த்து மதிப்பிடாமல் காலிப்பர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

3. முன்பக்கம், பின்பக்கம்

முன்பட்டை அளவுக்கு மீறி விறைத்தால் மேடுபள்ளத்தில் சக்கரம் துள்ளும், ஸ்டியரிங் உதறும், பிரேக் பிடிக்கும்போது டயருக்குத் தரைப்பிடிப்பு குறையும். முட்டையும் எண்ணெய் டின்னும் கடைக்கு வந்து சேரும் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பின்பக்கம் மட்டும் பட்டை கூட்டிய வண்டிகள் எங்கள் மண்டிக்கும் வருகின்றன. சில வண்டிகளில் பின் அச்சின் உயரத்தைக் கொண்டு சுமையை அறிந்து பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. விறைத்த பட்டை அமுங்காததால், வண்டி காலியாக இருப்பதாகவே அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். பாரத்தோடு போகும்போது பின்பிரேக் போதாமல் போகும்.

4. வாங்கும்போது

அ) வண்டியின் மாடலும் பார்ட் நம்பரும் சொல்லி, கம்பெனி அளவுக்குச் சமமானதையே கேளுங்கள்.
ஆ) அகலம், தடிமன், புஷ் அளவு, சென்டர் போல்ட்டிலிருந்து இரு முனைகளுக்கும் உள்ள நீளம் ஆகியவற்றைப் பழையதோடு ஒப்பிடுங்கள்.
இ) உடைந்து வெல்டிங் வைத்த பட்டை வேண்டவே வேண்டாம். அது மீண்டும் உடையும்.
ஈ) இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.
உ) யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் முறுக்குங்கள். வீல் அலைன்மென்ட்டும் பாருங்கள்.
ஊ) பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

5. சட்டம்

2019 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ள திருத்தத்தின்படி, மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அதிகப்படிச் சரக்கை இறக்கும் செலவும் நம்முடையதே.

நாலு மூட்டைக்காக இன்னொரு நடை போனால் ஆகும் டீசல் செலவை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டியை ஓட்டிப்போகும் பையன் மாலையில் பத்திரமாகக் கடைக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.