நோயாளர் உரிமையும் வைத்தியர் கடமையும்

நோயுற்றான் ஒருவன் வைத்தியசாலையின் வாயிலை மிதிக்குங்கால் தன் உடலையும் உயிரையும் பிறர் கையில் ஒப்புவிக்கின்றான். அங்ஙனம் ஒப்புவித்தமையால் தன் உரிமைகளையும் உடன் ஒப்புவித்துவிட்டான் என்று கருதுவார் நம்முட் பலர். கடலூர் ஜில்லாவின் கிராமங்களில் சிகிச்சையிற் கேடு நேர்ந்துழி, ஊழ்வினை என்று ஒரு சாராரும், வைத்தியரைப் புடைத்தலே வழி என்று மற்றொரு சாராரும் கூறக் கேட்கின்றோம். இவ்விரண்டிற்கும் இடையே சட்டம் வகுத்த நெறி ஒன்று உளது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். நோய் தீராமை குற்றமன்று. நோயாளி இறந்துபட்டமை மாத்திரமே குற்றமன்று. அத்துறையில் பயின்ற வைத்தியர் ஒருவர் அந்நிலைமையில் காட்டவேண்டிய சாதாரணமான கவனத்தைக் காட்டாமையும், அதன் பயனாகத் தீங்கு விளைந்தமையுமே கவனக்குறைவு எனப்படும். வைத்தியர்மீது குற்றவியல் வழக்குத் தொடுப்பதற்கோ இதனினும் மிக்க, பெரிதும் பொறுப்பற்ற கவனக்குறைவு காட்டப்படல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2005-ஆம் ஆண்டில் விதித்தது. இது தக்கதே என்பது எம் கருத்து. சிறைக்கு அஞ்சும் வைத்தியர் இடர்மிக்க நோயாளியைத் தொடவும் மாட்டார். ஆயினும் நட்டஈடு கோரும் வழக்கிற்கு அத்துணைக் கடுமை வேண்டுவதில்லை.

இனி, நம் நாட்டில் நிகழ்ந்த வழக்கு ஒன்றனைக் காண்போம். 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், சென்னை எழும்பூர் அரசினர் தாய்சேய் நல மருத்துவமனையில், கருவுற்ற 29-ஆம் வாரத்திலேயே பெண்மகவு ஒன்று பிறந்தது. அதன் எடை 1,250 கிராம். வெப்பப் பெட்டியில் வைத்துப் பேணி, செப்டம்பர்த் திங்களில் வீட்டிற்கு அனுப்பினர். பெற்றோர் மகிழ்ந்தனர். ஆனால் குறைமாதத்திற் பிறந்து பிராணவாயு பெற்ற குழந்தைகட்கு விழித்திரையைப் பற்றும் நோய் ஒன்று வருதல் உண்டு. பிறந்த சில வாரங்களுக்குள் கண்ணைச் சோதித்துச் சிகிச்சை செய்யின் பார்வையைக் காத்தல் பெரும்பாலும் கூடும். அச்சோதனை நடைபெறவில்லை. செய்வித்தல் வேண்டும் என்று பெற்றோர்க்கு எவரும் சொல்லவுமில்லை. காலங் கடந்தபின் வேறு வைத்தியர் நோயைக் கண்டறிந்தபோது அது கடைநிலையை எய்தியிருந்தது. குழந்தை இரு கண்களின் பார்வையையும் இழந்தது.

இவ்வழக்கில் வாளெடுத்து அறுத்த பிழை இல்லை. மாற்றிக் கொடுத்த மருந்தும் இல்லை. சொல்லவேண்டிய சொல் ஒன்று சொல்லப்படவில்லை, அவ்வளவே! அதுவும் கவனக்குறைவே என்று நீதிமன்றம் கொண்டமைதான் இவ்வழக்கின் சிறப்பு. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, அந்நான்கனுள் நோயாளியை முதற்கண் வைத்திருத்தலைத் தமிழ் மாணவர் அறிவர். எண்ணுமிடத்து முதல்வனாகிய அவனே பல வைத்தியசாலைகளில் செய்தி அறிவிக்குமிடத்துக் கடையனாகின்றான்.

தேசிய நுகர்வோர் ஆணையம் 2009-இல் ஐந்து லட்சம் ரூபாய் விதித்தது. தந்தை அமையவில்லை, மேல்முறையீடு செய்தார். 2015-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் உச்சநீதிமன்றம், வருங்காலச் செலவினையும் விலைவாசி ஏற்றத்தினையும் கணக்கிட்டு, ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் அளித்தது. ஊழியர் பிழைக்கு அரசும் பொறுப்பாயிற்று. அப்போது அப்பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தது. தொகை பெரிதே, ஆனால் இத்துணை ஆண்டுகள் வழக்காடும் வலிமை எத்தனை குடும்பங்கட்கு உண்டு?

நோயாளியை 'நுகர்வோர்' என்பது வைத்தியர் சிலர்க்கு உவப்பன்று. 1994-இல் சென்னை உயர்நீதிமன்றமும் மருத்துவச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின்பாற் படாது என்றே கூறிற்று. அடுத்த ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது. கட்டணம் பெறும் மருத்துவமனைகள் சட்டத்திற்கு உட்பட்டன. சிலரிடம் கட்டணமும் சிலர்க்கு இலவசமுமாக நடத்துவன முழுமையும் உட்பட்டன. அவற்றில் காசின்றிப் படுத்த ஏழையும் வழக்கிடலாம். எல்லார்க்கும் இலவசமாக நடப்பன மட்டும் விலக்குப் பெற்றன. பெயர் பதிவதற்குச் சிறுதொகை வாங்கினும் அஃது இவ்விலக்கை மாற்றாது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்த மருத்துவக் கல்லூரி 2021-ஆம் ஆண்டில் அரசு வசமானமை அன்பர்கள் அறிந்ததே. ஒரு மருத்துவமனை எவ்வகையினது என்பது இங்ஙனம் காலத்தால் மாறுமாதலின், வழக்கிடுவார் முதற்கண் அதனை ஆராய்தல் வேண்டும். விலக்குப் பெற்ற இடத்திலும் உரிமை அற்றுப்போவதில்லை. உரிமையியல் நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் திறந்தே உள்ளன. இலவசமாக நோய் தீர்க்கப்படுவோனுக்கு எளிய வாயிலை அடைத்து அரிய வாயிலைக் காட்டுதல் எமக்கு முறையாகத் தோன்றவில்லை.

கடலூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உள்ளது. செலுத்திய கட்டணம் ஐம்பது லட்சத்திற்கு மேற்படாதாயின் முறையீடு அதன்கண் செல்லும். ஐந்து லட்சத்திற்கு மேற்படாதாயின் முறையீட்டுக் கட்டணமும் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தீங்கு சென்னையில் நேரினும், முறையிடுவார் தாம் வாழும் ஜில்லாவிலேயே வழக்கிடலாம். காட்டுமன்னார்கோயிலார் ஒருவர் இதன்பொருட்டுத் தலைநகருக்கு அலைய வேண்டுவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடல் வேண்டும்.

கவனக்குறைவை மெய்ப்பிக்கும் பாரம் பெரும்பாலும் நோயாளியுடையது. சான்றோ மருத்துவமனையின் அலமாரியில் உள்ளது! ஆதலின் 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகள் சிறந்த துணையாகும். உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் காத்தல் வேண்டும் என்றும், நோயாளி கேட்பின் 72 மணி நேரத்துக்குள் தருதல் வேண்டும் என்றும் அவை விதிக்கின்றன. வாயாற் கேளாது எழுத்தாற் கேட்டு, கொடுத்த நாளைக் குறித்துப் படியொன்றில் ஒப்பம் பெறுதல் நன்று. வீடு திரும்புங்கால் தரும் சீட்டினையும் உடனே படிப்பித்து, அடுத்துச் செய்யத்தக்க சோதனை யாது, எந்நாள் என்று வினவி, அச்சீட்டிலேயே எழுதுவித்துக்கொள்ளல் வேண்டும். வழக்குரைஞர்க்குப் பொருள் இல்லாதார் கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்டிர், குழந்தைகள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோர்க்கு வருமானம் எத்துணையாயினும் அங்கே சட்டவுதவி இலவசமாகக் கிடைக்கும்.